ஆயுசுக்கும் ஃப்ரீயா, வருசத்துக்கு ஃபீஸா: கடன் அட்டையின் கதை

திருவேங்கடம் பக்கத்துக் கரிசக்காட்டு ஊர்கள்ல கிரெடிட் கார்டு வர்றதுக்கு ரொம்ப முந்தியே ஒரு கிரெடிட் கார்டு இருந்துச்சு. பற்று நோட்டு. பலசரக்குக் கடை அண்ணாச்சி கல்லாவுக்குப் பக்கத்துல அடுக்கி வெச்சிருப்பாரு. ஐப்பசியில விதைச்ச பருத்தி மாசி, பங்குனியில வெடிச்சு, எடுத்து, வித்துக் காசானதும் போய்க் கணக்கு தீர்க்கணும். அதுவரைக்கும் உப்பு புளியில இருந்து தீபாவளி எண்ணெய் வரைக்கும் எல்லாம் நோட்டுலதான். விண்ணப்பம் கிடையாது, வருசச் சந்தா கிடையாது. சிபில் ஸ்கோர்? அண்ணாச்சிக்கு உங்க அப்பாவைத் தெரியும், தாத்தாவையும் தெரியும். அம்புட்டுதான் ஸ்கோர்.

அப்போ அது ஃப்ரீயான்னு கேட்டா, இல்லை. ரொக்கம் கொடுத்து வாங்குறவருக்கு ஒரு விலை, நோட்டுல எழுதுறவருக்குக் கொஞ்சம் கூடுதல் விலை. இது அண்ணாச்சிக்கும் தெரியும், வாங்குறவருக்கும் தெரியும், பக்கத்துல நிக்கிற ஆளுக்கும் தெரியும். கடனுக்குன்னு ஒரு விலை இருந்தது, அதைக் கடன் வாங்கினவரே கொடுத்தார். இந்த ஒரு விசயத்தை மனசுல வெச்சுக்கோங்க மக்கா. பிளாஸ்டிக் அட்டையோட எழுபத்தஞ்சு வருசக் கதையே இந்த விலையை எங்கே ஒளிச்சு வைக்கிறதுங்கறதுதான்.

1950-ல நியூயார்க்ல ஃபிராங்க் மெக்னமாரா டைனர்ஸ் கிளப் ஆரம்பிச்சார். ஹோட்டல்ல சாப்பிட்டுட்டுப் பர்ஸை மறந்துட்டு முழிச்சார், அதுல பிறந்த யோசனைன்னு ஒரு கதை எல்லாப் புத்தகத்துலயும் வரும். அது அந்தக் கம்பெனிக்கு விளம்பரம் பார்த்த மேட்டி சிம்மன்ஸ் கட்டி விட்ட கதை. (நம்ம ஊர் தல புராணம் தேவலாம்னு தோணுதா? எனக்கும்.) அது போகட்டும், கணக்குதான் முக்கியம். டைனர்ஸ் கிளப் ஹோட்டல்காரர்கிட்ட பில்லுல 7 சதவீதம் எடுத்துக்கிட்டது. அட்டை வெச்சிருந்தவர்கிட்ட வருசத்துக்கு 3 டாலர் வாங்குச்சு, கொஞ்ச நாள்ல அது 5 டாலர் ஆச்சு. மாசக் கடைசியில மொத்தப் பாக்கியையும் கட்டிரணும், வட்டிக்கு விடுற வேலையே இல்லை.

அதாவது முதல் நாள்லயே ரெண்டு பாக்கெட்டுல கை போயாச்சு. கடைக்காரர் பாக்கெட்டு ஒண்ணு, அட்டைக்காரர் பாக்கெட்டு ஒண்ணு. ஆனா ஹோட்டல்ல இட்லி விலை (சரி, அங்கே ஸ்டேக் விலை) ரொக்கத்துக்கும் அட்டைக்கும் ஒண்ணுதான். அண்ணாச்சி கடையில ரெண்டு விலை இருந்துச்சே, அது ஒரே விலை ஆயிருச்சு. அந்த 7 சதவீதத்தை ஹோட்டல்காரர் விலையில ஏத்தினார்னா, ரொக்கம் கொடுத்துச் சாப்பிட்டவரும் சேர்ந்து கட்டுறார், தனக்குத் தெரியாமலே.

1958-ல ரெண்டு சம்பவம். ரெண்டும் ஒரே வருசம், ரெண்டும் நேர் எதிர்த் திசை. அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் தன் அட்டையைக் கொண்டு வந்து வருசச் சந்தா 6 டாலர்னு வெச்சது. டைனர்ஸ் கிளப் 5, இது 6. ஒரு டாலர் கூட. வேணும்னே வெச்சது; கூடக் காசு கேட்டாத்தான் உசந்த சரக்குன்னு நினைப்பாங்கங்கற கணக்கு. அந்தக் கணக்கு பலிச்சது. இன்னைக்கு மெட்டல் கார்டுன்னு பத்தாயிரம், பன்னிரண்டாயிரம் சந்தா கேட்குறவங்க எல்லாருக்கும் அந்த ஒரு டாலர்தான் முப்பாட்டன்.

அதே வருசம் செப்டம்பர்ல பேங்க் ஆஃப் அமெரிக்கா கலிஃபோர்னியாவுல ஃப்ரெஸ்னோங்கற ஊர்ல 60,000 பேருக்குக் கேட்காமலே தபால்ல அட்டையை அனுப்பிச்சு. சந்தா சுத்தமா கிடையாது. இங்கேதான் மூணாவது பாக்கெட்டு திறக்குது. மாசக் கடைசியில முழுசா கட்ட வேண்டாம், கொஞ்சம் கட்டு, மீதிக்கு வட்டி போட்டுக்கறோம். சும்மா கொடுத்த அட்டைக்குப் பாக்கி வைக்கிறவரோட வட்டிதான் தீனி. தொடக்கத்துல பேங்க் நல்லா அடி வாங்குச்சு. 4 சதவீதம் பேர் கட்ட மாட்டாங்கன்னு நினைச்சிருந்தாங்க, 22 சதவீதம் பேர் கம்பியை நீட்டிட்டாங்க. ஆனாலும் விடலை. அந்த அட்டைதான் 1976-ல விசான்னு பேர் மாத்திக்கிச்சு. கேட்காம அட்டை அனுப்புறதை அமெரிக்கா 1970-ல சட்டம் போட்டுத் தடுத்தது.

ஆக மூணு பாக்கெட்டு: கடைக்காரர் கமிஷன், பாக்கிக்காரர் வட்டி, அட்டைக்காரர் சந்தா. பலூனை ஒரு பக்கம் அமுக்கினா இன்னொரு பக்கம் உப்பும் பாருங்க, அதே மாதிரிதான் அதுக்கப்புறம் நடந்ததெல்லாம்.

1980 பக்கம் அமெரிக்காவுல பணவீக்கம் தலைக்கு மேல. பேங்க் வெளியில வாங்குற பணத்துக்கே வட்டி எகிறிருச்சு. ஆனா பல மாநிலங்கள்ல அட்டைக்கு இவ்வளவுதான் வட்டி வாங்கலாம்னு சட்டம். வட்டிப் பாக்கெட்டு சுருங்கிப் போச்சா, அதுவரைக்கும் சும்மா இருந்த அட்டைகளுக்கு சந்தா போட ஆரம்பிச்சாங்க. சிட்டிபேங்க் இன்னும் ஒரு படி மேல போய் 1981-ல தன் கார்டு கடையையே சவுத் டகோட்டாவுக்குத் தூக்கிட்டுப் போச்சு, அங்கே வட்டிக்கு உச்சவரம்பு இல்லைன்னு. வட்டி தாராளமானதும் என்ன ஆச்சு? 1986-ல சியர்ஸ் கம்பெனி டிஸ்கவர் கார்டுன்னு விட்டுச்சு. சந்தா இல்லை, அதுக்கு மேல செலவழிச்சதுல கொஞ்சம் திருப்பி வேற தர்றோம்னாங்க. இன்னைக்கு நாம கேஷ்பேக்னு சொல்ற சங்கதி. 1987-ல சிட்டிபேங்கும் அமெரிக்கன் ஏர்லைன்ஸும் சேர்ந்து, செலவழிச்சா விமான மைல்னு ஒரு கார்டு. அதுக்குச் சந்தா உண்டு. 1990-ல டெலிபோன் கம்பெனி ஏடி அண்ட் டி வந்து, இந்த வருசம் சேர்றவங்களுக்கு ஆயுசு முழுக்க சந்தா கிடையாதுன்னு சொல்லிச்சு. 'லைஃப் டைம் ஃப்ரீ'ங்கற மந்திரத்தை ஊர் ஊராக் கொண்டு போனது அதுதான். அந்தக் கம்பெனியோட கார்டு வியாபாரத்தை 1998-ல சிட்டிபேங்கே வாங்கிக்கிச்சு. ஆயுசு யாரோட ஆயுசுன்னு கேட்கக் கூடாது :-)

சரி, நம்ம நாட்டுக்கு வருவோம்.

1961-ல காளி மோடி டைனர்ஸ் கிளப்பை இந்தியாவுக்குக் கொண்டு வந்தார். 1980-ல சென்ட்ரல் பேங்க் ஒரு கார்டு விட்டது. அதெல்லாம் பம்பாய்ப் பெரிய மனுசங்க சமாச்சாரம், சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டுல ஒருத்தருக்கும் தெரியாது. 1990-ல சிட்டிபேங்க் இறங்கினப்புறம் மெட்ராஸ்ல கோட்டு சூட்டு போட்டவங்க கையில தென்பட ஆரம்பிச்சது. 1998-ல ஸ்டேட் பேங்க், ஜிஇ கேபிடலோட சேர்ந்து வந்தது. 2000-ல ஐசிஐசிஐ, 2001-ல எச்டிஎஃப்சி. அப்புறம்தான் திருவிழா.

அந்தக் காலத்துல சென்னையில இருந்த பதிவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பெட்ரோல் பங்க் வாசல்ல குடை போட்டு, டை கட்டின பையன் ஒருத்தன் நிப்பான். "சார், லைஃப் டைம் ஃப்ரீ சார், ஒரே ஒரு கையெழுத்து சார்." மதியம் தூங்கும்போது போன். சம்பளச் சீட்டு ஒண்ணு கொடுத்தா நாலு கார்டு வரும். அப்ப என்கூட அறையில இருந்த நண்பர் ஒருத்தர் கையில ஆறு கார்டு. எதுக்குமே சந்தா கிடையாது. ஒரு கார்டுல எடுத்து இன்னொரு கார்டுக்குக் கட்டுவார். கடைசியில அவர் கட்டின வட்டியில ஒரு புல்லட்டு வாங்கியிருக்கலாம். எந்த பேங்குன்னு கேட்காதீங்க, அவரே மறக்க நினைக்கிறார்.

2008 மார்ச்சுல நாட்டுல 2.75 கோடி கார்டு புழக்கத்துல இருந்தது. அதே வருசம் உலகச் சந்தை சரிஞ்சது, கட்டாத பாக்கி மலையா ஏறிச்சு, பேங்குகள் கார்டைச் சுருட்ட ஆரம்பிச்சாங்க. 2011 மார்ச்சுல 1.8 கோடிதான். மூணு வருசத்துல கிட்டத்தட்ட ஒரு கோடி கார்டு காணோம். 'லைஃப் டைம்' மூணு வருசம்கூட ஓடலை.

அந்த 2008 ஜூலையில இன்னொண்ணு நடந்தது, பேப்பர்ல ஒரு நாள் வந்து எல்லாரும் மறந்துட்டோம். தேசிய நுகர்வோர் ஆணையம், கார்டு பாக்கிக்கு வருசத்துக்கு 30 சதவீதத்துக்கு மேல வட்டி வாங்குறது முறையற்ற வியாபாரம்னு தீர்ப்பு சொல்லிச்சு. பேங்குகள் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனாங்க, இடைக்காலத் தடை கிடைச்சது. வழக்கு அப்படியே கிடந்து, 2024 டிசம்பர் 20-ஆம் தேதி அந்த 30 சதவீதத் தீர்ப்பை சுப்ரீம் கோர்ட் ரத்து பண்ணிச்சு. பதினாறு வருசம்! மாசம் மூணரை சதவீதம்னு சின்ன எழுத்துல போட்டிருப்பாங்களே, வருசத்துக்குப் பார்த்தா 42. கந்து வட்டியைத் திட்டுற வாயால இதையும் ஒரு தடவை படிச்சுப் பார்க்கணும்.

இவ்வளவு பழங்கதையும் இப்போ கிளற ஒரு காரணம் இருக்கு. அக்கா மகன் திருவேங்கடத்துல வீட்டுல இருந்தே சென்னைக் கம்பெனிக்கு வேலை பார்க்கான். கொரோனாவுல ஊருக்கு வந்தவன், திரும்பிப் போகலை. வீட்டுல நிலையான வருமானம்னா அவன் சம்பளம் மட்டும்தான். அத்தான் பருத்தியும் மக்காச்சோளமும் மழையை நம்பி. தை மாசம் தங்கச்சிக்குக் கல்யாணம். போன வாரம் போன் பண்ணினான்.

"மாமா, ரெண்டு கார்டு வந்திருக்கு. ஒண்ணு லைஃப் டைம் ஃப்ரீ, எங்க தேய்ச்சாலும் ஒரு பர்சன்ட். இன்னொண்ணு ஆன்லைன்ல வாங்கினா அஞ்சு பர்சன்ட், ஆனா வருசத்துக்கு ஆயிரம் ரூவா. எதை எடுக்க?"

2018-ல அமேசான் பே ஐசிஐசிஐ கார்டு சந்தா இல்லாம வந்ததுல இருந்தும், 2022-ல எஸ்பிஐ கேஷ்பேக் கார்டு 999 ரூபாய் சந்தாவோட வந்ததுல இருந்தும் இந்தக் கேள்வியைக் கேட்காத இளவட்டமே கிடையாது. கணக்கு ரொம்ப லேசு. 999-க்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. சேர்த்தா 1,179. ஒண்ணுக்கும் அஞ்சுக்கும் வித்தியாசம் நாலு பர்சன்ட். 1,179 ரூபாயை நாலு பர்சன்ட்ல எடுக்கணும்னா வருசத்துக்குச் சுமார் 29,500 ரூபாய்க்கு ஆன்லைன்ல வாங்கணும். அதுக்கு மேல வாங்கினா சந்தாக் கார்டு லாபம், கீழ வாங்கினா ஃப்ரீ கார்டு. நிறையக் கார்டுகள்ல வருசத்துக்கு இவ்வளவு செலவழிச்சா சந்தா தள்ளுபடின்னும் இருக்கும். ஆனா சந்தாவை மிச்சம் பிடிக்கிறதுக்குன்னே தேவையில்லாததை வாங்குறது, பஸ் டிக்கெட்டுக்குச் சில்லறை மாத்த பரோட்டா சாப்பிட்ட கதைதான்.

அவன் செலவை ரெண்டு பேரும் உட்கார்ந்து (போன்லதான்) பிரிச்சோம். வாடகை கிடையாது. பால், காய்கறி, பலசரக்கு எல்லாம் அண்ணாச்சிகிட்ட க்யூ.ஆர். ஸ்கேன். 2022-ல ரூபே கிரெடிட் கார்டை யு.பி.ஐ.யோட இணைக்கலாம்னு ரிசர்வ் பேங்க் வழி விட்டப்போ, இனிமே டீக்கடையிலயும் பாயிண்ட் சேரும்னு குதிச்சாங்க. ஆனா அண்ணாச்சி ஒட்டி வெச்சிருக்கிறது அவர் சொந்த அக்கவுண்டோட க்யூ.ஆர்.; கடைன்னு பதிவாகாத அதுல கிரெடிட் கார்டு ஓடாது. அத்தானுக்கு மோட்டாருக்கு சாமான் கோவில்பட்டியில ரொக்கம். சந்தாக் கார்டுகள்ல பெருமையாப் போட்டிருக்கிற ஏர்போர்ட் லவுஞ்ச்? விமானம் வேணும்னா மதுரைக்கோ தூத்துக்குடிக்கோ போகணும். ஓசிச் சாப்பாட்டுக்காக அம்புட்டு தூரம் போறதுக்கு, குற்றாலத்துல குளிச்சுட்டு பிரானூர் பார்டர்ல சாப்பிட்டுத் திரும்பலாம். கடைசியில ஆன்லைன் செலவுன்னு தேறினது வருசத்துக்கு இருபத்தஞ்சாயிரம் பக்கம். கல்யாண வருசத்துல கூடும்.

சரி, ஃப்ரீயே எடுன்னு முடிச்சிருக்கலாம். அப்பதான் பய மெதுவா விசயத்தை அவுக்கான்.

"இல்ல மாமா, நகையும் கார்டுல போட்டுரலாம்னு... மூணு லட்சத்துக்குப் போட்டா பாயிண்ட்டும் வரும், கட்டுறதுக்கு டயமும் கிடைக்கும்லா?"

இங்கேதான் கேள்வியே மாறிப் போகுது. முதல்ல பாயிண்ட்டு. பல நகைக்கடையில கார்டை நீட்டினா, "கார்டுன்னா ரெண்டு பர்சன்ட் கூட ஆகும்ணே"ன்னு சொல்லுவாங்க. யோசிச்சுப் பாருங்க, அண்ணாச்சியோட ரெண்டு விலை திரும்பி வந்துருச்சு! கார்டு கமிஷனை விலையில ஒளிக்காம நேராக் கேட்குறார். மூணு லட்சத்துக்கு ரெண்டு பர்சன்ட் ஆறாயிரம். ஒரு பர்சன்ட் கார்டு அதுல திருப்பித் தர்றது மூவாயிரம், அதுவும் நகைக்குப் பாயிண்ட் உண்டுன்னு இருந்தா. ஆக மூவாயிரம் நட்டத்துக்குப் பேரு ரிவார்டு.

அடுத்தது அந்த 'டயம்'. மூணுல ரெண்டு லட்சத்தைக் கட்டிட்டு ஒரு லட்சம் பாக்கி நிக்குதுன்னு வைங்க. மாசம் மூணரை பர்சன்ட்னா 3,500. அதுக்கு ஜி.எஸ்.டி. 630. ஆக ஒரு மாசத்துக்கு 4,130. இதுக்காகவா 1,179 ரூபாய் சந்தாவைப் பத்தி ஒரு மணி நேரம் பேசினோம்? மூணரை வருசச் சந்தா ஒரே மாச வட்டியில போச்சு. இன்னொண்ணு, பாக்கி நிக்கிற வரைக்கும் புதுசா வாங்குற உப்பு புளிக்கும் அந்த நாற்பது சொச்சம் நாள் வட்டியில்லாத தவணை கிடையாது, வாங்கின தேதியில இருந்தே மீட்டர் ஓடும். இந்த ஒரு வரியை எந்தப் பையனும் பெட்ரோல் பங்க்ல சொல்ல மாட்டான்.

ஃப்ரீ கார்டு சந்தாக் கார்டு ரெண்டுலயும் இந்த வட்டி கிட்டத்தட்ட ஒண்ணுதான். பாக்கி வைக்காதவருக்குத்தான் ஃப்ரீயா ஃபீஸாங்கற கேள்வியே. பாக்கி வைக்கிறவர் மத்தவங்க எல்லாரோட பாயிண்ட்டுக்கும் படி அளக்கிறார்.

ரொக்கக்காரர் பங்கும் அதுல இருக்குன்னு முன்னாடியே சொன்னேன். சந்தேகம்னா ஆஸ்திரேலியாவைப் பாருங்க. 2003-ல அந்நாட்டு ரிசர்வ் பேங்க், கடைக்காரர் பணத்துல இருந்து கார்டு கொடுத்த பேங்குக்குப் போற பங்கை 0.95 சதவீதத்துல இருந்து சுமார் 0.55-க்கு வெட்டிச்சு. உடனே அங்கே பாயிண்ட்டு இளைச்சது, சந்தா பெருத்தது. அதுவரைக்கும் ஓசின்னு நினைச்ச பாயிண்ட்டுக்கு யார் காசு கொடுத்திருக்காங்கன்னு ஊருக்கே விளங்கிச்சு. ஐரோப்பாவுல 2015-ல 0.3-ன்னு உச்சவரம்பு போட்டாங்க. நம்ம நாட்டுல டெபிட் கார்டுக்கு வரம்பு உண்டு, கிரெடிட் கார்டுக்கு இதுவரைக்கும் கிடையாது. இங்கே ரிவார்டு கார்டு இவ்வளவு கொழிக்கிறதுக்கு அது ஒரு பெரிய காரணம்.

சந்தா கட்டுறவங்க மட்டும் நிம்மதியா இருந்தாங்களான்னா அதுவும் இல்லை. ஆக்சிஸ் பேங்க் மேக்னஸ் கார்டு ஞாபகம் இருக்கா? வருசம் 10,000 ரூபாய் சந்தா, மாசம் ஒரு லட்சம் செலவழிச்சா 25,000 பாயிண்ட் கூடுதல். அந்தப் பாயிண்ட்டுக்காகவே மாசா மாசம் லட்சத்தை எட்டிப் பிடிக்க, மச்சான் வாங்குற ஃபிரிட்ஜையும் தன் கார்டுல போட்ட ஆட்களை எனக்குத் தெரியும். 2023 செப்டம்பர் 1-ஆம் தேதியோட அந்த 25,000 போச்சு, சந்தா 12,500 ஆச்சு. மாத்துறதுக்கு ஒரு மாசம் முந்தி சொல்லணும், கட்டணம் ஏறினது பிடிக்கலைன்னா கார்டை விட்டுட்டுப் போகலாம், அதுக்குத் தண்டம் கிடையாதுங்கறது ரிசர்வ் பேங்க் விதி. ஆனா பன்னிரண்டு மாசத்துக்குச் சந்தா முன்கூட்டியே வாங்கிக்கிட்டு, சலுகையை ஒரு மாச நோட்டீஸ்ல மாத்தலாம்னா, அது என்ன நியாயம்னு எனக்கு இன்னும் விளங்கலை. ஃப்ரீ கார்டுல சலுகை குறைஞ்சா டிராயர்ல போட்டுடலாம், போனது ஒண்ணுமில்லை.

டிராயர்ல போடுறதைவிட மூடிடுறது நல்லது. 2022 ஜூலையில நடைமுறைக்கு வந்த விதிப்படி, பாக்கி இல்லாத கார்டை மூடச் சொல்லி எழுதிக் கொடுத்தா ஏழு வேலை நாளுக்குள்ள மூடணும். தவறினா தாமதிக்கிற ஒவ்வொரு நாளைக்கும் 500 ரூபாய் பேங்க் நமக்குத் தரணும். 2005-06-ல கார்டு மூடக் கஸ்டமர் கேர்ல பாட்டு கேட்டுக்கிட்டே கிடந்தவங்களுக்குத்தான் இதோட அருமை தெரியும்.

மருமகன் ஃப்ரீ கார்டுக்குக் கையெழுத்துப் போட்டுட்டான். ஆன்லைன் செலவு முப்பதாயிரத்தைத் தாண்டுதான்னு ஒரு வருசம் பார்த்துட்டு மத்ததை யோசிக்கிறதா ஏற்பாடு. பில் வந்ததும் மொத்தமும் தானா அக்கவுண்டுல இருந்து போற மாதிரி போட வெச்சேன். 'குறைந்தபட்சத் தொகை'ங்கற கட்டத்துல டிக் அடிச்சிராதலேன்னு மூணு தடவை சொன்னேன்.

நகைக்கு அக்கா ஏற்கெனவே வழி பண்ணி வெச்சிருந்திருக்கா, இவனுக்குத்தான் தெரியலை. பதிவு பண்ணின கம்பெனியில ரெண்டு வருசமாச் சீட்டு ஓடுது. 1982 சட்டப்படி சீட்டு நடத்துறவருக்கு அஞ்சு சதவீதம் வரைக்கும் கமிஷன், 2019-ல திருத்தி ஏழு ஆக்கினாங்க. எவ்வளவு எடுக்கப் போறாங்கன்னு ஒப்பந்தத்துலயே எழுதியிருக்கும். "அஞ்சு பர்சன்ட் அவங்களுக்குப் போகுதேம்மா"ன்னு இவன் கேட்டிருக்கான். "போகட்டும்ல, அது எம்புட்டுன்னு எனக்குத் தெரியும்லா"ன்னுட்டு பருத்திக்கு மருந்தடிக்க ஆள் கூப்பிடப் போயிட்டாளாம்.